அப்பா சொன்னதாக

சுகந்தி குளியலறைக் கதவைத் தாழிட்டதும் ஜன்னல் விளிம்பில் இருந்த தன் கைப்பேசி உறுமியதும் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் மருதவாணனுக்கு இருந்தது. ஏற்காட்டின் அந்த விடுதி அறையில் ஜன்னலோரம் ஒரு முழ இடத்தில்தான் சிக்னல் கிடைத்தது. அதனால் நேற்று மாலையிலிருந்து இரண்டு பேருடைய கைப்பேசியையும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குழந்தையிடமிருந்து அழைப்பு வந்தால் தெரிய வேண்டும் என்று சொன்னது சுகந்திதான், அதையும் இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. மனைவி வீட்டாருடைய வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சுகந்தியின் சித்தி மகள் கிருத்திகா எழுதியிருந்தாள்: மொட்டைப் பாப்பாவுக்குச் சித்தியோட முத்தம், ஒன்பதரைக்குத்தானே உக்கார வைக்கிறீங்க, போட்டோ உடனே வரணும். யார் வீட்டுப் பாப்பா என்றுதான் முதலில் நினைத்தான். இரண்டாம் முறை படித்தபோது அந்த வீட்டில் இப்போது ஒரே ஒரு பாப்பாதான் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது, நான்கு முடிந்து ஐந்து நடக்கிற பாப்பா, தென்றல், அவன் மகள், நேற்றுக் காலை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்த பாப்பா. மூன்றாம் முறை படிக்கக் கண்ணைக் கொண்டுபோனபோது அந்த வரிகள் இல்லை. இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று சாய்ந்த எழுத்தில் ஒரு வரி மட்டும் கிடந்தது. யாரோ சிங்கப்பூருக்குப் போன் போட்டு, ஏண்டி, அவர் அந்தக் குழுவுல இருக்காருடி என்று பதறியிருப்பார்கள். ஒட்டுமொத்தக் குடும்பத்துக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதில் ஒருத்தி மறந்துவிட்டாள். மணி ஒன்பது பதினான்கு. உள்ளே சுகந்தி வாளியில் வெந்நீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

பதினாறு நிமிடம் என்று மனது கணக்குப் போட்டது. பதினாறு நிமிடத்தில் மலையில் இரண்டு வளைவு இறங்கலாம், அவ்வளவுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியன்று தலைக்குக் குளித்தவள் இன்று எதற்கு மறுபடியும் தலைக்குக் குளிக்கிறாள், வீட்டிலிருந்தே சீயக்காயைச் சின்னக் கவரில் கட்டிக்கொண்டு வந்திருந்தாளே. காலையில் பூரி வந்தபோது எனக்குப் பசிக்கலைங்க, நீங்க சாப்பிடுங்க என்றாள். அவள் பங்கு இரண்டு பூரியையும் சேர்த்துத் தின்றது அவன்தான். வேண்டுதல் முடிகிற வரைக்கும் வாயில் பச்சைத்தண்ணி படாமல் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து கிழங்கு இன்னும் கொஞ்சம் கேக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான் இவன். இருபத்து மூன்று வருடமாக முத்திரை ஆய்வாளர் வேலை. கடைகடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்தவனைப் பிடித்திருக்கிறான், தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனைப் பிடித்திருக்கிறான். கடைக்காரன் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றால் போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். உன் கண்ணுக்குத் தப்பாதுய்யா என்று அலுவலகத்தில் சொல்வார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருசம் ஆச்சுங்க, நாம ரெண்டு பேரு மட்டும் எங்கயாச்சும் போயிருக்கமா, பாப்பாவ அம்மா பாத்துக்கும், ரெண்டே நாள் என்று பதினைந்து நாளைக்கு முன்னால் தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் சந்தோஷம்தான். வெட்கப்படுகிற மாதிரியான சந்தோஷம். நாற்பத்தேழு வயதில் மனைவி தன்னோடு தனியாக இருக்க ஆசைப்படுகிறாள் என்று அன்று அலுவலகத்துக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அந்தச் சிரிப்பை அன்று யாராவது பார்த்திருந்தால் என்று இப்போது நினைத்தபோது காது சூடானது. அப்புறம் நேற்று. நேற்றையதை எல்லாம் மறுபடி எடுத்து எடை போட்டான். ஏரிக்கரையில் அவித்த கடலைப் பொட்டலத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாளே, அது எந்தக் கணக்கு? படகில் உட்கார்ந்து, எனக்காக வந்தீங்க இல்ல, நான் கேட்டா எதையும் மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க என்றபோது கண் கலங்கியதே, அது குளிர்காற்றுக்கா, அவனுக்கா, இல்லை இன்றைய ஒன்பதரை மணிக்கா? எல்லாமே நடிப்பு என்றால் வெறுத்துவிடலாம். அப்படியும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தாள், அந்தச் சந்தோஷத்துக்கு உள்ளேயே இதுவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடிய தராசு எதுவும் இல்லை.

உள்ளே சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம். நிதானமாக ஊற்றிக்கொள்கிறாள். அவசரமே இல்லை. கதவைத் தட்டிக் கேட்டால் என்ன என்று எழுந்தான், இரண்டடி நடந்தான், நனைந்த உடம்போடு இருக்கிற ஒருத்தியிடம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன கேட்பது என்று திரும்பி வந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னேனே என்பாள். சொன்னாள்தான். பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு முன்னால் ஒருமுறை சொன்னாள், அம்மன் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தறேன்னு வேண்டியிருக்கேங்க, ஒத்தப்படை வயசுல போட்டுரணும். எங்க வீட்ல அந்தப் பழக்கமில்ல என்று அவன் சொன்னான். அது பொய்யில்லை. அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், கடைசிவரை கோயில் வாசல் மிதிக்காதவர், மகனுக்குச் சாமி பெயர் வைக்கமாட்டேன் என்று மருதவாணன் என்று வைத்தவர். மூன்றாவது வயதில் மறுபடி கேட்டாள். சாமிக்கு எதுக்கு சுகந்தி முடி, அதென்ன சவுரி வியாபாரமா பண்ணுது என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அதைப்பற்றிப் பேசவேயில்லை, பேசாததைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். ஆனால் அப்பா சொல்லிக்கொடுத்த கொள்கையா தடுத்தது? அப்பா செத்து ஒன்பது வருடமாகிறது. அக்கா பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டை போட்டபோது இவனே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். கொள்கை முன்னால் தொங்கிய படுதா மட்டும்தான், அதற்குப் பின்னால் வைத்திருந்தது வேறு, அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. ஆயிரத்து நூற்று எண்பது கிராம். குறைமாதக் குழந்தைகள் வார்டில் எடை பார்த்துச் சொன்னார்கள். பதினோரு வருடம் காத்திருந்து பிறந்த குழந்தையின் எடையைச் சொல்கிறார்கள், இவன் கண் தானாகப் போய்த் தராசின் பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா என்று தேடியது, அதற்காக இன்றுவரை தன்னை மன்னித்ததில்லை. மூன்றாம் நாள் சிஸ்டர் வந்து, கையில நரம்பு கிடைக்கல சார், தலையிலதான் போடணும் என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பிளேடை எடுத்து, இடது காதுக்கு மேலே ஈர முடியை நான்கு இழுப்பில் வழித்தாள். குழந்தைக்கு அழக்கூட சத்து இல்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் அவன் முடிவு செய்தான், இனிமேல் இந்தத் தலையில் பிளேடு படக்கூடாது, நான் இருக்கிறவரைக்கும் படாது. யாரிடம் வேண்டிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியாது, அதனால் யாரிடமும் வேண்டிக்கொள்ளவில்லை, தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். கீழ்த்தளத்தில் தையல் போட்டுப் படுத்திருந்த சுகந்தியிடம் போனில், தலையில ஊசி போட்டிருக்காங்கம்மா, பயப்படாத, நல்லா இருக்கா என்று மட்டும் சொன்னான். பிளேடைச் சொல்லவில்லை. அன்னைக்கு நீங்க தலையில ஊசின்னு சொன்னதும்தாங்க நான் வேண்டிக்கிட்டேன் என்று அவள் பின்னால் ஒருநாள் சொன்னாள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தலை. மேல் மாடியில் நின்று ஒருவன் இந்த முடியை யாரும் தொடக்கூடாது என்கிறான், கீழே படுத்துக்கொண்டு ஒருத்தி இந்த முடியை உனக்கே தருகிறேன் என்கிறாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாளோ, சாமி இல்லைன்னு சொல்றவரு யார்கிட்டங்க வேண்டுனீங்க என்பாளோ என்று கூச்சப்பட்டு, பழக்கமில்லை என்ற வார்த்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்கிற கடைக்காரன் மாதிரி. அப்படியானால் முதலில் மறைத்தது யார்?

இல்லை, அப்படிச் சுலபமாக அவளை விட்டுவிட அவன் மனது ஒப்பவில்லை. மறைப்பது வேறு, ஆளைக் கிளப்பிக்கொண்டு மலைக்கு ஏற்றிவிட்டு முதுகுக்குப் பின்னால் செய்வது வேறு. வங்கி வேலைக்கு அவள் எட்டரைக்கே கிளம்பிவிடுவதால் தினமும் காலையில் பாப்பாவுக்குத் தலை சீவிப் பின்னல் போடுவது அவன்தான். வகிடு எடுக்கிறபோது காதுக்கு மேலே அந்த இடத்தில் விரல் ஒரு நொடி நிற்கும். ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தில் முடி மற்றதைவிட மெல்லிசாக இருக்கும், கீழே வெள்ளையாகச் சின்னத் தழும்பு. வேறு யாரும் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கப் போகிறார்கள், என்ன இது தழும்பு என்று விரலால் தடவப் போகிறார்கள். பாப்பாவே பார்க்கப் போகிறாள். அவள் நேற்று வாசலில் நின்றபோது இரட்டைப் பின்னல் அவன் போட்டுவிட்டதுதான். கொல்லையில் ஆட்டுக்குட்டி போட்டிருக்கு, வா காட்டறேன் என்று மச்சினன் மோகன்ராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். கிளம்புங்க, அவ பாத்தா அழுவா என்று மாமியார் கையை ஆட்டினாள். சொல்லிட்டுப் போயிடலாமே என்று அவன் இழுத்தான், சுகந்தி ஏற்கெனவே காரில் உட்கார்ந்திருந்தாள். அவனும் ஏறினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான், அதுதான் இப்போது உறுத்துகிறது, எவ்வளவு பழகிய கையாகச் சத்தமில்லாமல் சாத்தினான். ஆத்தூர் ரோடு வருகிறவரை குழந்தையை ஏமாற்றிவிட்டோமே என்று ஒரே அரிப்பு. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, பழகிக்குவாங்க, விடுங்க என்று சுகந்தி சொன்னாள். அவனும் ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், பதினைந்து நாளாக. மணி ஒன்பது இருபத்தாறு. மாமியாருக்கு அடிக்கலாம். நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை. எண்ணை எடுத்தான். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டான். நிறுத்தினால் என்ன ஆகும்? தாய்மாமன் மடியில் உட்கார வைத்த பிள்ளையை எழுப்பச் சொன்னால், கிடா வெட்டக் கூடியிருக்கிற சனம் முன்னால் அந்த அம்மாள் முகம் என்ன ஆகும், இந்தக் கதவைத் திறந்துகொண்டு ஈரத்தலையோடு வருகிறவள் முகம் என்ன ஆகும்? அஞ்சு முடிஞ்சா ஆறு, ரெட்டைப்படைங்க, அதுக்கப்புறம் ஏழு வயசுப் பொண்ணு ஒத்துக்குவாளா என்று அவள் இத்தனை நாளும் தனக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருப்பாள். வேண்டுதல் பாக்கி நிற்கிறது, பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தன்னால்தான் என்று நினைத்திருப்பாள். அந்தப் பயத்தையும் அவனிடம் சொல்லவில்லை. அவனிடம் சொல்வதில் பயனில்லை என்று எப்போது முடிவு செய்தாள்? அந்தச் சவுரிப் பேச்சுக்கு அவள் சிரித்தாளே, அப்போதா? சரி, நிறுத்தாவிட்டால்? நிறுத்தாவிட்டால் பிளேடு. குழந்தை அசைவாள், அவள் அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை, பின்னல் போடுகிறபோதே தலையை ஆட்டி ஆட்டி, அப்பா வலிக்குது என்பாள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீப்பை எடுத்துவிட்டு மறுபடி வைப்பான். நாவிதருக்கு அந்தப் பொறுமை இருக்குமா, தலையை எந்தப் பக்கம் ஆட்டுவாள் என்று தெரியுமா. மறுபடி எண்ணை எடுத்தான். ஒன்பது முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. இந்நேரம் தண்ணீர் தெளித்து நனைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது, அதன் இலைகளை எண்ணினான், எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் முடிவு செய்யாமல் இருக்கலாம். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. அழைக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று தெரிந்துகொண்டே எண்ணினான்.

அப்போது சுகந்தியின் கைப்பேசி அடித்தது. மோகன். உள்ளே தண்ணீர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. எடுத்துக் காதில் வைத்தான்.

"அக்கா, நீயே பேசிருக்கா, எங்களால முடியல." பம்பை அடிக்கிற சத்தத்துக்கு மேலே மச்சினன் கத்தினான். "அடங்கவே மாட்டேங்குறா."

"நான்தான் மாப்ள."

"மாமா," என்றான் மோகன்ராஜ். "அக்கா இல்லைங்களா?"

"குளிக்கிறா. எவ்வளவு ஆச்சு?"

"என்னதுங்க மாமா?"

"மாப்ள, எவ்வளவு வழிச்சிருக்கு?"

"பாதிங்க மாமா. ஒரு பக்கம் முடிஞ்சுது. திரும்பி உக்காருன்னதும் மடியிலருந்து எந்திரிச்சு ஓடிட்டா. நாலு பேரு தொரத்துறோம், வேப்ப மரத்தச் சுத்திச் சுத்தி ஓடறா. புடிச்சு அமுக்கலாம்னா நாவிதர் வேண்டாங்கறாரு, முண்டுனா வெட்டிரும்கறாரு." ஒரு மூச்சு விட்டான். "மன்னிச்சுக்கங்க மாமா. அக்காதான்..."

அவனை முடிக்க விடாமல் மாமியாரின் குரல் பக்கத்தில் வந்தது. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டிருந்தாள். "சுகந்தி, உம்புள்ள என்ன பேச்சுப் பேசறா தெரியுமாடி. அவங்கப்பன் சொன்னாத்தான் உக்காருவாளாம். அப்பாதான்டி போடச் சொன்னாருன்னு சத்தியம் பண்ணாக்குறையாச் சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறா. நீ கொஞ்சம் குரல மாத்தி உங்க வூட்டுக்காரரு மாதிரி..."

"அம்மா, லைன்ல மாமா இருக்காரும்மா," என்று மோகன் சொல்வது கேட்டது.

"அத்தை, பாப்பாகிட்டக் குடுங்க," என்றான் மருதவாணன்.

கைப்பேசி கைமாறியது. யாரோ, இந்தா அப்பா, அப்பா பேசறாரு பாரு என்றார்கள். மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. ஓடிய மூச்சு.

"அப்பாவா?"

"அப்பாதான் கண்ணு."

"நெசமா அப்பாவா?"

"நெசமாத்தான்."

"நீ சொன்னியா, முடி வெட்டச் சொல்லி? அம்மாயி நீ சொன்னேங்குது. மாமாவும் சொல்லுது. நான் இல்லன்னேன். எங்கப்பா சொல்ல மாட்டாருன்னேன்." குரல் தழுதழுக்கவில்லை. வழக்கு வைக்கிற குரல். தன் பக்கம் சாட்சி வந்துவிட்டது என்ற தெம்பு. "நீயே சொல்லு அவங்ககிட்ட."

இத்தனை பேரில் அவனை நம்பியவள் ஒருத்திதான். ஒரு பக்கம் வழித்த தலையோடு, மறுபக்கம் அவன் நேற்றுப் போட்ட பின்னல் அவிழ்ந்து தொங்க, ஊர் முழுக்கச் சொல்லியும் மாட்டேன் என்று மரத்தைச் சுற்றி ஓடி, எங்கப்பா சொல்ல மாட்டாரு என்று சண்டை போட்டிருக்கிறாள். இல்லை கண்ணு, நான் சொல்லலை என்றால் போதும். அது உண்மையும்கூட. சொன்னால் அவள் உட்கார மாட்டாள், அமுக்கிப் பிடிப்பார்கள், முண்டுவாள். இல்லை, விட்டுவிடுங்கள் என்று அவன் கத்தலாம், அப்போது பாதித் தலையோடு எழுந்து நிற்பாள், அந்த மீதியை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வழித்துத்தான் ஆகவேண்டும், அதுவும் பிளேடுதான். எந்தப் பக்கம் போனாலும் பிளேடு அங்கே காத்திருந்தது. ஒன்பது பதினான்குக்கு ஒரு வழி இருந்தது. அதை மிளகு இலை எண்ணித் தீர்த்துவிட்டான்.

"அப்பா," என்றாள் தென்றல். "சொல்லு."

"ஆமா கண்ணு. அப்பாதான் சொன்னேன்."

மறுமுனையில் மூச்சு வாங்குவது நின்றது.

"ஆடாம உக்காரணும். ஆடுனா வலிக்கும். மாமா மடியில நல்லாச் சாஞ்சுக்க, சரியா?"

கைப்பேசியை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் போவது தெரிந்தது. மோகன்ராஜ் எடுத்து, "உக்காந்துட்டாங்க மாமா, தானாப் போயி உக்காந்துட்டா," என்றான், ஆச்சரியமாக. "தாங்க்ஸ்ங்க மாமா. வைக்காதீங்க, ஒரு நிமிசம், மறுபடி எந்திரிச்சான்னா நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." கைப்பேசியை எங்கோ பக்கத்தில் வைத்தான்போல. தாழ் விலகிக் குளியலறைக் கதவு திறந்தது. சுகந்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சேலையை அரைகுறையாகச் சுற்றியபடி வந்தவள், அவன் காதில் இருப்பது தன்னுடைய கைப்பேசி என்பதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நெற்றியில் சீயக்காய்த் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கேட்பதற்கு அவன் நிறைய வைத்திருந்தான், பதினைந்து நாள், படகு, பூரி, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

"அழறாளா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"அசையறாளா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன்."

சுகந்தி கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். துண்டுக்குள்ளிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் இறங்கியது. அவன் கைப்பேசியை இரண்டு பேருக்கும் கேட்கும்படி மாற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தான். தலையில் பிளேடு போகிற சத்தம் கேட்கும் என்று பயந்திருந்தான், அது கேட்கவில்லை. பம்பையும் கூட்டத்து இரைச்சலும்தான் வந்தன. அதற்கு நடுவே, மிகப் பக்கத்தில், தென்றல் யாரையோ கேட்டாள்.

"மாமா, அப்பா வேற என்னெல்லாம் சொன்னாரு?"

மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "காது குத்தறப்ப அழக்கூடாதுன்னு சொன்னாரு."

"சரி," என்றாள் தென்றல். கொஞ்சம் பொறுத்து, "அப்பறம்?"

"அம்மாயி என்ன குடுத்தாலும் சாப்புடணும்னாரு. நாளைக்கு வரைக்கும் அப்பா எங்க, அம்மா எங்கன்னு கேக்கக்கூடாதுன்னாரு."

மருதவாணன் ஜன்னல் விளிம்பை நோக்கிக் குனிந்தான். சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் குழந்தை.